யார் விரித்த படுக்கை

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில், கேப் டவுனிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் ஸ்டெல்லன்போஷ், ஃபிரான்ஸ்ஹூக், பார்ல் என்று மூன்று ஊர்கள் உள்ளன. மலைகளுக்கு நடுவே, பள்ளத்தாக்கு முழுவதும் திராட்சைக் கொடிகள். இங்குள்ள ஒயின் பண்ணைகளில் பல இன்று தங்கும் விடுதிகளாகவும் இயங்குகின்றன. நான்கைந்து அறைகள், வெள்ளையடித்த தடித்த சுவர்கள், வைக்கோல் வேய்ந்த கூரை, சன்னலைத் திறந்தால் கொடிகள். உலகம் முழுவதும் 'பெட் அண்ட் பிரேக்ஃபஸ்ட்' என்று அழைக்கப்படும் ஏற்பாடு இது. இரவுக்குப் படுக்கை, காலையில் உணவு, வேறு வாக்குறுதி எதுவுமில்லை.

இப்படிப்பட்ட விடுதிகளில் பண்ணையின் வரலாறு பெரும்பாலும் எங்காவது எழுதித் தொங்கவிடப்பட்டிருக்கும். நிலம் எந்த ஆண்டு யாருக்கு வழங்கப்பட்டது, யார் கைக்கு மாறியது, எந்த மகன் புதிய திராட்சை வகையை நட்டான், எந்தப் பேரன் பதக்கம் வாங்கினான் என்று அது நீளும். நிலத்திலும் ஒயின் கிடங்கிலும் நடந்தவை எல்லாம் அதில் இருக்கும். விருந்தினர் காசு கொடுத்து வாங்குவதோ படுக்கையையும் காலை உணவையும். அந்த இரண்டுக்கும் வரலாறு எழுதப்பட்டிருக்காது. மூன்றரை நூற்றாண்டுகளாக இந்தப் பண்ணைகளில் படுக்கை விரித்தவர்களும் அடுப்பு மூட்டியவர்களும் பெண்கள். அவர்களுக்கு அந்தக் கூரையின்கீழ் தங்க என்ன உரிமை இருந்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால், கேப் ஒயினின் கதை வேறாகத் தெரிகிறது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652-இல் கேப்பில் ஒரு நிலையத்தை அமைத்தது. ஆசியாவுக்குப் போய்வரும் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் கொடுப்பது அதன் வேலை. பார்த்தால் அதுவும் ஒருவகையில் விடுதிதான். கடலோடிகள் இளைப்பாறிச் செல்லும் இடம். கோய்கோய் மக்களின் மேய்ச்சல் நிலத்தில் அது எழுந்தது. அங்கே முதன்முதலாக ஒயின் பிழியப்பட்ட நாளைத் தளபதி யான் வான் ரீபெக் தன் நாட்குறிப்பில் பதிந்துவைத்தார்: 1659 பிப்ரவரி 2. தென்னாப்பிரிக்க ஒயின் உலகம் அந்தத் தேதியை இன்றும் கொண்டாடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததை அவ்வளவாகக் கொண்டாடுவதில்லை. 1658-இல் 'ஆமர்ஸ்ஃபோர்ட்' என்ற கப்பல், போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்த அங்கோலா மக்களைக் கேப்பில் இறக்கியது. பெரும் எண்ணிக்கையில் அடிமைகள் அங்கே வந்திறங்கியது அப்போதுதான். ஒயினும் அடிமைமுறையும் ஒருசேர வேர்விட்டன.

1808-இல் பிரிட்டிஷ் சட்டம் அடிமை வணிகத்தை நிறுத்தும்வரை ஏறத்தாழ 60,000 பேர் கேப்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் இன்றைய இந்தோனேசியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். ஆவணங்களில் அவர்களுடைய சொந்தப் பெயர்கள் மறைந்துபோயின. உடைமையாளர் வைத்த ஒரு பெயர், அதற்குப் பின்னால் வாங்கப்பட்ட இடத்தின் பெயர், அவ்வளவுதான். வங்காளத்தின் இன்னார், மலபாரின் இன்னார், சிலோனின் இன்னார். 'கரை' என்று மட்டும் எழுதியிருந்தால் அது சோழமண்டலக் கரை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த அதே கம்பெனி, தஞ்சைப் பகுதியைப் போரும் பஞ்சமும் சூறையாடிய 1659-61 காலத்தில் ஆயிரக்கணக்கானோரை விலைக்கு வாங்கி ஏற்றியது. அவர்களில் பெரும்பாலோர் பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் போனார்கள். அந்தக் கடல்வழியின் ஒரு முனை கேப். ஆகவே இந்தப் பண்ணைகளின் சமையலறைகளில் நின்ற பெண்களில் சிலர் நம் கரையிலிருந்து போனவர்கள்.

அவர்கள் எங்கே படுத்தார்கள்? பண்ணைகளில் அடிமைகளுக்கென்று தனி வீடு எல்லா இடத்திலும் கிடையாது. வயலில் உழைத்த ஆண்கள் கொட்டகையிலோ பரணிலோ படுத்தார்கள். வீட்டுவேலை செய்த பெண்கள் சமையலறைத் தரையிலோ, எசமானியின் குழந்தை அழுதால் கேட்கும் தூரத்தில் அறை வாசலிலோ படுத்தார்கள். தனக்கென ஒரு கதவு இல்லாத இடத்தில் படுக்கும் பெண்ணுக்கு இரவு என்பது ஓய்வின் நேரம் அல்ல. நகரத்தில் கம்பெனி 1679-இல் கட்டிய அடிமைகள் விடுதியில் இரவுக் கதவு சாத்தப்படும் முன், வீரர்களும் மாலுமிகளும் உள்ளே வந்துபோக விடப்பட்டார்கள். அந்நகரத்தின் முதல் பரத்தையர் இல்லம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் அதைக் குறிப்பிடுகிறார்கள். அங்கிருந்த பெண்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு இல்லை என்பதால் அந்தச் சொல்லும் அவர்களுக்கு அநியாயம் செய்கிறது. பிறந்த குழந்தையின் நிலையைச் சட்டம் தாயை வைத்தே முடிவு செய்தது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. தகப்பன் யாராக இருந்தாலும் சரி. அடிமைத்தனம் பெண்வழியாக ஓடியது.

ஆளுநர் வில்லெம் ஆட்ரியான் வான் டெர் ஸ்டெல் 1700-இல் பெற்ற வெர்கலெகன் பண்ணையில் பிற்காலத்தில் அகழாய்வு நடந்தது. அடிமைகள் தங்கிய நீண்ட கட்டடத்தின் அடித்தளம் கிடைத்தது. அதன் தரைக்கடியில் ஒரு பெண் புதைக்கப்பட்டிருந்தார். நடுத்தர வயதைக் கடந்தவர். சிறுவயதில் உருவாகும் பல்லில் ஒரு நிலத்தின் உணவு பதிந்திருந்தது, எலும்பில் வேறொரு நிலத்தின் உணவு. வெப்பமண்டல நாடு ஒன்றில் வளர்ந்து, பிறகு கேப்புக்குக் கொண்டுவரப்பட்டவர் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். அவர் பெயரை எந்த ஏடும் சொல்லவில்லை. பண்ணையில் அவருக்கு நிரந்தரமாகக் கிடைத்த இடம் அந்தத் தரைக்கடியில் கிடைத்த இடம்தான்.

பெயர் கிடைத்த பெண்களும் உண்டு. வங்காளத்தின் ஆஞ்சலா, பத்தாவியா வழியாகக் கணவனோடும் குழந்தைகளோடும் கேப்புக்கு வந்து வான் ரீபெக்கின் வீட்டில் அடிமையாக இருந்தவர். 1662-இல் ரீபெக் ஊரைவிட்டுக் கிளம்பும்போது இன்னொரு அதிகாரிக்கு விற்கப்பட்டார். 1666-இல் மூன்று குழந்தைகளோடு விடுவிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு நகரத்தில் அவருக்கு ஒரு மனை கிடைத்தது. 1669-இல் ஆர்னோல்டஸ் பாசோன் என்பவரை மணந்தார். காய்கறி விளைவித்தார், வணிகம் செய்தார், சொத்து சேர்த்தார், 1720-இல் இறந்தார். இவ்வளவு செய்த பெண்ணைப் பிற்காலக் கதைகள் 'அழகி ஆன்ஸ்லா' என்றே நினைவில் வைத்திருக்கின்றன. உழைத்து ஏறிய படிகளை எல்லாம் அழகு தூக்கிவிட்டதாகச் சொல்வது எந்த ஊரிலும் பழைய வழக்கம்.

அவருடைய மகள் அன்னா டி கோனிங் ஸ்வீடனைச் சேர்ந்த ஓலோஃப் பெர்க் என்ற படைத்தலைவரை மணந்தார். கேப்பின் மிகப் புகழ்பெற்ற ஒயின் பண்ணையான க்ரூட் கான்ஸ்டன்ஷியா 1716-இல் பெர்க் கைக்கு வந்தது. 1724-இல் அவர் இறந்ததும் அது அன்னாவின் சொத்தானது. 1734-இல் இறக்கும்வரை அதன் உரிமையாளர் அவர்தான். அடிமையாக விற்கப்பட்ட ஒரு பெண்ணின் மகள், அந்த மாளிகையின் சாவியை வைத்திருந்தார். இங்கேயே கதையை நிறுத்தினால் நமக்கு நிம்மதியாக இருக்கும். அன்னாவும் அடிமைகளை வைத்திருந்தார். அவருடைய படுக்கையையும் வேறு பெண்கள்தான் விரித்தார்கள். ஒரு பெண் வாசலைக் கடந்ததால் வாசல் எல்லாருக்கும் திறந்துவிடவில்லை.

ஸ்டெல்லன்போஷ் அருகே முராட்டி என்ற பண்ணை இன்னொரு பெண்ணின் பெயரில் ஒயின் விற்கிறது: கேப்பின் ஆன்செலா. பண்ணை சொல்லும் கதைப்படி, லாரன்ஸ் காம்ஃபர் என்ற ஜெர்மானிய வீரர், நகரத்தில் அடிமையாக இருந்த ஆன்செலாவைப் பார்க்கப் பல ஆண்டுகள் நடந்தே போய்வந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தன. 1695-இல் அவர் விடுதலை பெற்றதும் குடும்பம் பண்ணைக்கு வந்தது. கதையின் நாயகன் நடக்கிறார், காத்திருக்கிறார், அழைத்துவருகிறார். ஆன்செலா அந்த ஆண்டுகளில் மூன்று பிள்ளைகளை அடிமைத்தனத்துக்குள் பெற்று வளர்த்தார் என்பது புட்டியின் சீட்டில் ஒட்டுவதற்கு ஏற்ற செய்தி அல்ல. இருந்தாலும் அந்தப் பெயர் அங்கே இருப்பது, பெயரே இல்லாமல் போவதைவிட மேல். கேட்பதற்கு ஒரு தொடக்கம் கிடைக்கிறது.

இனி காலை உணவு. கேப்பின் திராட்சைப் பகுதிகளில் 'மோஸ்போலகீஸ்' என்ற சிறு ரொட்டி உண்டு. ஈஸ்டுக்குப் பதில், புளிக்கத் தொடங்கிய திராட்சைச் சாற்றை ஊற்றி, சோம்பு சேர்த்துச் செய்வது. 1688-இல் வந்து குடியேறிய பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளான ஹியூகனோக்கள் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். செய்முறையை யார் கொண்டுவந்திருந்தாலும், விடியுமுன் மாவைப் பிசைந்த கைகள் பெரும்பாலும் அடிமைப் பெண்களுடையவை. மேசையில் 'ஆட்ச்சார்' இருக்கலாம். அது நம் அச்சாறுதான். மலாய் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. மஞ்சளும் கறிப்பொடியும் போட்ட 'போபோட்டி' தென்னாப்பிரிக்காவின் தேசிய உணவாகவே பேசப்படுகிறது. வீட்டுக்குள் இருந்தவர்கள் வாயில் போட்டதைத்தான் ஒரு நாடு தன் சுவை என்று கற்றுக்கொண்டது.

மொழியும் அந்த அடுப்படியில்தான் வளர்ந்தது. டச்சு, மலாய், போர்ச்சுக்கீசியம், கோய் மொழிகள் எல்லாம் ஒன்றோடொன்று உரசிய சமையலறைகளிலும் முற்றங்களிலும் ஆஃப்ரிகான்ஸ் உருவானது. உயர்குடியினர் அதைச் 'சமையலறை மொழி' என்று ஏளனம் செய்தார்கள். பின்னால் அதையே வெள்ளை இனத்தின் தனிச் சொத்து என்று உரிமை கொண்டாடினார்கள். அந்த மொழியில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கறுப்பினப் பெண்ணுக்கு 'ஆயா' என்று பெயர். போர்ச்சுக்கீசியர் கப்பலேற்றிய இந்தச் சொல் நம்மிடமும் தங்கிவிட்டது. இரண்டு கரைகளிலும் அது ஒரே வேலையைக் குறிக்கிறது: தன் பிள்ளையை எங்கோ விட்டுவிட்டு, அடுத்தவர் பிள்ளைக்குப் பாலும் சோறும் ஊட்டும் வேலை.

கேப்பில் அடிமைமுறை 1834 டிசம்பர் 1 அன்று சட்டப்படி ஒழிந்தது. ஆனால் 'பயிற்சிக் காலம்' என்று சொல்லி 1838 வரை அதே எசமானரிடம் வேலை செய்ய வைத்தார்கள். இழப்பீடு உடைமையாளருக்குக் கிடைத்தது; உழைத்தவருக்கு ஒரு காணி நிலமும் கிடைக்கவில்லை. விடுதலைக்குப் பிறகு பெண்கள் பலர் பண்ணை வேலையிலிருந்து விலகித் தம் வீட்டைப் பார்க்க முயன்றார்கள். சிலர் 1843-இல் ஸ்டெல்லன்போஷ் அருகே உருவான ப்னீல் போன்ற மிஷன் ஊர்களுக்குப் போனார்கள். தனக்கென ஒரு கதவு வேண்டும் என்பதுதான் அதன் பொருள். வரலாற்றாசிரியர் பமீலா ஸ்கல்லி இந்தக் காலத்தை ஆராய்ந்து முக்கியமான ஒன்றைக் காட்டினார்: விடுதலை என்பதை ஆட்சியாளர்கள் 'குடும்பத் தலைவனின்' விடுதலையாகவே கற்பனை செய்தார்கள். அடிமை ஆண் கணவனானான். அடிமைப் பெண் அவனுக்குக் கீழ் மனைவியானாள். எசமானன் இடத்தில் கணவன் நின்றான், எசமானனும் எங்கும் போய்விடவில்லை.

இருபதாம் நூற்றாண்டு முழுவதும் பண்ணையின் ஏற்பாடு இதன்மேல்தான் நின்றது. வேலை ஒப்பந்தம் ஆண் பெயரில். அதோடு ஒரு சிறு வீடு. அந்த வீட்டுக்குப் பெண் தரும் வாடகை, அறுவடைக் காலத்தில் கூப்பிட்டால் வயலுக்கு வருவதும் பெரிய வீட்டில் துணி துவைத்துச் சமைப்பதும். கூலியின் ஒரு பகுதியைப் பணமாகத் தராமல் நாளுக்குப் பல வேளை மலிவான ஒயினாக ஊற்றினார்கள். 'டாப்' முறை என்று அதற்குப் பெயர். 1960-களில் சட்டம் அதைத் தடைசெய்தது. சில பண்ணைகளில் 1990-கள்வரை தொடர்ந்தது. அதன் கணக்கு பெண்களின் உடம்பில் எழுதப்பட்டது. கணவனின் கூலி குடியாக வீட்டுக்கு வந்தது, அடியாகவும் வந்தது. கருவில் மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் மேற்குக் கேப் ஒன்று. மருத்துவ அறிக்கையில் அந்தக் குறை தாயின் பேரில் பதிவாகிறது. தலைமுறை தலைமுறையாகக் கோப்பையை நிரப்பியவர்களின் பெயர் அதில் எந்தப் பத்தியிலும் வருவதில்லை.

1971-இல் மூன்று பண்ணை உரிமையாளர்கள் சேர்ந்து ஸ்டெல்லன்போஷ் ஒயின் பாதையைத் தொடங்கினார்கள். நிறவெறி ஆட்சி முடிந்து, 1994-க்குப் பின் உலகச் சந்தை திறந்தபோது சுற்றுலா பெருகியது. அதே ஆண்டுகளில் தொழிலாளருக்குச் சட்டப் பாதுகாப்பும் வந்தது. பண்ணையில் நெடுங்காலம் வாழ்பவரை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று 1997-இல் ஒரு சட்டம், 2003 முதல் குறைந்தபட்சக் கூலி. பண்ணைகள் பல அதற்குத் தந்த பதில், நிரந்தர ஆட்களைக் குறைத்துப் பருவகால ஒப்பந்தக் கூலிக்கு மாறுவது. பருவகாலக் கூலிகளில் பெண்களே மிகுதி. ஆள் போனபின் சிறு வீடுகள் காலியாயின. சில இடங்களில் அவற்றை இடித்தார்கள். சில இடங்களில் வெள்ளையடித்து, சன்னலைப் பெரிதாக்கி, விருந்தினர் குடில் ஆக்கினார்கள். 2005-இல் வெளிவந்த ஒரு நாடளாவிய ஆய்வு, 1984 முதல் 2004 வரை சுமார் 17 லட்சம் பேர் பண்ணைகளிலிருந்து வெளியேற்றப்பட்டதாகக் கணக்கிட்டது. அவர்களில் நான்கில் மூன்று பங்குக்குமேல் பெண்களும் குழந்தைகளும். நீதிமன்றம் வழியாக நடந்த வெளியேற்றம் 100-க்கு ஒன்றுதான்.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. 2004-இல் பெண்களின் தலைமையில் பண்ணைத் தொழிலாளர் சங்கம் ஒன்று உருவானது. 'சிகூலா சோங்கே' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 'நாம் சேர்ந்து வளர்கிறோம்' என்று கோசா மொழியில் பொருள். கூலியோடு வீடு, மது, வீட்டுக்குள் நடக்கும் வன்முறை எல்லாவற்றையும் சங்கத்தின் பிரச்சினைகளாக அது எடுத்துக்கொண்டது. 2012 இறுதியில் டி டோர்ன்ஸ் ஊரின் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. அன்றைய குறைந்தபட்ச நாள் கூலி 69 ராண்ட். தொழிலாளர்கள் 150 கேட்டார்கள். 2013 மார்ச்சில் அரசு 105 ஆக உயர்த்தியது.

ஆனாலும் கூலியைவிட ஆழமான கேள்வி ஒன்று பாக்கியிருந்தது. கணவனின் வேலை போனால் மனைவியின் வீடும் போகுமா? 2016-இல் அது அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு வந்தது. கிளாசே வழக்கு என்று சட்ட உலகில் அறியப்படும் அந்த வழக்கில், மேற்குக் கேப்பின் சிட்ரஸ்டால் பகுதிப் பண்ணை ஒன்றில் ஒரு பெண் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்திருந்தார். பருவகாலத்தில் அங்கேயே வேலை செய்தவர். கணவன் வேலைநீக்கம் செய்யப்பட்டதும் வெளியேற்ற வழக்கு கணவன்மேல் மட்டும் தொடுக்கப்பட்டது. கீழே இருந்த நிலவுரிமை நீதிமன்றம், அவர் கணவன் வழியாக அங்கே இருந்தவர் என்று சொல்லி அவரைத் தனி ஆளாக வழக்கில் சேர்க்க மறுத்தது. அரசியல் சாசன நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு அதை ஏற்கவில்லை. அத்தனை ஆண்டுகள் அவர் அங்கே வாழ்வதை உரிமையாளர் அறிந்தே இருந்தார். ஆகவே அவர் தன் பெயரிலேயே குடியிருப்பவர். கணவனுக்குக் கீழ் இருப்பவர் என்று அவரை வருணிப்பது சமத்துவத்துக்கும் மனித மாண்புக்கும் எதிரானது.

பண்ணை விடுதியில் ஒரு விருந்தினர் பெயரைப் பதிவேட்டில் எழுதுகிறார், பணம் கட்டுகிறார், சாவி வாங்குகிறார். ஆண் என்றாலும் பெண் என்றாலும், அந்த ஓர் இரவுக்கு அறை அவருடையது. தட்டாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. 'ஆமர்ஸ்ஃபோர்ட்' கப்பல் வந்த ஆண்டிலிருந்து எண்ணினால், அதே பண்ணை நிலத்தில் வாழ்நாள் முழுக்க உழைத்த ஒரு பெண், தன் பெயரிலேயே அங்கே இருக்கிறார் என்று நாட்டின் உச்ச நீதிபீடம் சொல்வதற்கு 358 ஆண்டுகள் ஆயின. தீர்ப்பு வந்துவிட்டது. அந்தத் தீர்ப்பைத் தெரிந்துகொண்டு தன் வீட்டு வாசலில் நின்று சொல்ல ஒவ்வொரு பண்ணையிலும் பெண்கள் இருக்கிறார்கள். பலர் காலையில் எழுந்து, விருந்தினரின் விரிப்பை மாற்றப் போகிறவர்கள்.